அக்காவின் ஆடாத வண்டி

“உனக்கு ஒரு சிரமமும் இருக்காது” என்றுதான் அக்கா எதையும் ஆரம்பிப்பார். உதவி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யாரிடமாவது ஏதாவது ஒன்று ஆக வேண்டும் என்றால், அந்த வேலையில் முக்கால்வாசியை அவரே முடித்துவிடுவார். மீதி இருப்பதையும் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கி, அதற்கப்புறம்தான் நம் முன்னால் கொண்டுவந்து வைப்பார்.

பிள்ளைங்களா, உங்களுக்கு அவரைத் தெரியாது. மூத்தவள் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். கிள்ளானில் நாம் முதலில் வாடகைக்கு இருந்த தாமான் குடியிருப்பில், நம் வரிசையின் கடைசி வீடு அவருடையது. எனக்கும் அவருக்கும் சொந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் யாராவது அக்கா என்று சொன்னால் எனக்கு அவர் முகம்தான் முதலில் வருகிறது. பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய தம்பி இன்னும் இருக்கிறார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசல்களுக்குத் தானாகத் திறந்து மூடுகிற ஆட்டோகேட் மாட்டுகிறவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகன், தேவா. எனக்கு அவனைத் தெரிந்தபோதே அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஆள் நல்ல உயரம், நல்ல கனம். பேச்சு மட்டும் ஐந்தாறு வார்த்தைகளோடு நின்றுவிட்டது. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அக்கா அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். “அவன் அப்படித்தான்” என்பார், மழை பெய்கிறது என்று சொல்வது போல. தேவா குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா இறந்துவிட்டார்.

ஒருநாள் அக்கா கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவிடம் வந்து, “தேவாகூட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும்மா, உனக்கு ஒரு சிரமமும் இருக்காது” என்றார். அம்மா போய்ப் பார்த்தால், காற்றாடிக்குக் கீழே நாற்காலி. கர்ப்பக்காரி என்பதால் கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி. கைக்கு எட்டும் தூரத்தில் பிளாஸ்க். முழு பிஸ்கட்டைத் தேவா தொடமாட்டான் என்பதால், எல்லா பிஸ்கட்டையும் பாதி பாதியாக ஒடித்துத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். அவன் விரும்பிப் பார்க்கும் சமையல் நிகழ்ச்சி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா திரும்பி வந்து என்னிடம், “என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னே தெரியலங்க. அந்த வீட்டுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் தூங்கிட்டு வந்தேன்” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அக்கா எதற்காக இப்படிப் பழக்கிக்கொண்டார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அக்கா ரொம்ப வருஷம் பள்ளிக்கூட மினி பஸ் ஓட்டியவர். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, கிள்ளானிலிருக்கும் அத்தனை சந்துபொந்தும் அவருக்கு அத்துப்படி. தேவாவை விட்டுப்போக ஆள் இல்லாததால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தில் அவனை உட்கார வைத்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் கத்துகிறவன் பஸ்ஸில் கத்தமாட்டான். வண்டி ஆட ஆட அவன் முகம் தெளிந்துவிடும். ஒரு மாதிரி முனகிப் பாடுவான். பள்ளிப் பிள்ளைகள் அதை “தேவா அண்ணன் ரேடியோ” என்பார்கள்.

பஸ் ஓட்டுவதை நிறுத்திய பிறகு அக்கா அந்த மினி பஸ்ஸை விற்கவில்லை. உள்ளே இருந்த இருக்கைகளைக் கழற்றிப்போட்டு, இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் வைத்து ஒரு வீடாக ஆக்கிவிட்டார். தேவாவின் இருக்கையை மட்டும் தொடவில்லை. ஹோட்டலில் அவனைத் தங்க வைக்க முடியாது, சொந்தக்காரர் வீட்டுக்கும் கூட்டிப்போக முடியாது. வீடே கூட வந்தால் எங்கும் போகலாம் இல்லையா. போர்ட் கிள்ளான் பக்கம் கப்பல் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்திக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார்கள்.

தாமானில் கேலி இல்லாமல் இருக்குமா? “என்னக்கா, வீட்டுக்கு டயர் பஞ்சராமே?” என்று மூலைக்கடை அண்ணாச்சி கேட்பார். “உன் வீட்டைவிட என் வீடு வேகமா ஓடும் லா” என்று அக்கா திருப்பிக் கொடுப்பார்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. தேவாவுக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி ஆடினால் ஓட வேண்டும். நின்றுவிட்டால் ஆடக்கூடாது. நிறுத்திய வண்டிக்குள் அக்கா இரண்டடி நடந்தாலும் ஸ்பிரிங் அசையும்; பக்கத்தில் கண்டெய்னர் லோரி போனால் வண்டியே குலுங்கும். உடனே அவன் எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வான். வண்டி கிளம்பவில்லை என்றால் அழுவான், தலையைக் கண்ணாடியில் முட்டுவான். நிற்கிற வண்டி ஏன் ஆடுகிறது என்று அவனுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

அதற்காகத்தான் அக்கா ஒரு பட்டறையில் சொல்லி, வண்டியின் நான்கு மூலையிலும் நான்கு ஜாக்குகளைப் பற்றவைத்துக்கொண்டார். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற ஜாக்கு. நிறுத்தியதும் கீழே இறங்கி, ஒவ்வொரு மூலையாகக் குந்தி உட்கார்ந்து, நீளக் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். ஜாக்கு விரிந்து தரையில் ஊன்றிக்கொள்ளும். நான்கும் ஊன்றிவிட்டால் உள்ளே குதித்தால்கூட வண்டி அசையாது. கிளம்பும்போது மறுபடியும் நான்கையும் சுற்றி மேலே தூக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிவெட்டும் கடைக்காரர் இருந்தார். தேவா அவரிடம் மட்டும்தான் தலையைக் கொடுப்பான், அதுவும் வண்டிக்குள் அவன் இடத்தில் இருந்தபடி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலையில் கார்கள் வருவதற்கு முன்னால் அக்கா கடைவாசலில் வண்டியை நிறுத்திவிடுவார். ஒருமுறை நானும் ஒரு வேலையாக அவரோடு போயிருந்தேன். சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு அக்கா ரோட்டில் குந்தி ஜாக்கைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, முடிவெட்டுகிறவர் ஓடிவந்தார்.

“குடுங்கக்கா, நான் சுத்தறேன்.”

“வேணாம் வேணாம். நீ கத்திரிக்கோல் பிடிக்கிற கை, கிரீஸ் ஆயிடும். நீ பத்தடி நடந்து வந்தா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“பத்தடிகூட இல்லக்கா, கடைக்குள்ளயே வண்டிய விட்டுட்டீங்க” என்று அவர் சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த மூலைக்குப் போனார். எழுந்திருக்கும்போது வண்டியின் பக்கத்தில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதை நான் கவனித்தேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான், நம் வரிசையில் ஒரு வீட்டு ஆட்டோகேட்டை நான் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றார். கேட் திறப்பதையும் மூடுவதையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, இவ்வளவு பெரிய கேட்டைத் தள்ளுற மோட்டார் என் ஜாக்கைச் சுத்தாதா?”

“சுத்தும்கா. ஆனா எதுக்கு? கையில பிடிக்கிற டிரில் ஒண்ணு வாங்குங்க. நுனியில சாக்கெட் மாட்டிக் குடுக்கறேன். கடகடன்னு சுத்திடும். கை வலிக்காது.”

“டிரில்லை யாரு பிடிக்கிறது?”

“நீங்கதான்.”

அக்கா தலையை ஆட்டினார். “நான் பிடிப்பேன் தம்பி. நான் கையாலயே சுத்துவேன். என் தம்பி பிடிப்பானா? அவன் பூச்சோங்லருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வருவான். ரோட்டுல குந்தச் சொன்னா குந்துவானா? உள்ள உக்காந்த எடத்துல ஒரு விரலால அழுத்தணும். நாலும் எறங்கணும், நாலும் ஏறணும். அப்படி செஞ்சு குடு.”

எனக்குப் புரியவில்லை. அவர் தம்பி எதற்கு இந்த வண்டியை ஓட்ட வேண்டும்?

அது வேலை தொடங்கிய பிறகு தெரிந்தது. பழைய இரும்புக் கடையில் பெரிய லோரிகளின் வைப்பர் மோட்டார்கள் நான்கு கிடைத்தன. மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாகச் சுற்றும். கேட் எதிலாவது இடித்தால் தானாக நின்றுவிடுகிற ஆட்டோகேட் போர்டு இருக்கிறதே, அதையே இவற்றுக்கும் இணைத்துவிட்டால் ஜாக்கு தரையில் ஊன்றி இறுகியதும் மோட்டார் தானே நின்றுகொள்ளும். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அக்கா வெளியில் குந்திக்கொண்டு நான் கேட்கிற ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என் வயித்துல கட்டி இருக்கு தம்பி. வெட்டினாலும் பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாங்க. இந்தச் செவப்பு வயர் எங்க போகுது?”

நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வரப் பார்த்தேன்.

“நீ படு, படு. வேலையப் பாரு. நான் போனப்பறம் தேவா வீட்லயே கெடந்தா கத்திக் கத்தியே செத்துருவான். மாசத்துல ஒருதடவ இந்த வண்டியில அவனைக் கடல் பக்கம் கொண்டுபோய் உக்கார வெச்சாப் போதும். அவனுக்கு அவ்வளவுதான் வேணும். என் தம்பி செய்வான். செய்யமாட்டான்னு இல்ல. கஷ்டமா இருந்தா மலைச்சுப் போவான், அதான். எந்தக் கஷ்டமும் இல்லாம செஞ்சு வெச்சுட்டா எதுக்கு மாட்டேங்கப் போறான்?”

அன்றைக்கு உங்கள் அம்மா என்னிடம் இரண்டு தடவை என்னவென்று கேட்டாள். அக்கா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். ஒன்றும் இல்லை என்றேன்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நாங்களும் சிரித்தோம். ஆட்டோகேட் போர்டோடு ரிமோட் வரும். சுவிட்சைவிட ரிமோட் இன்னும் வசதி என்று நான் அதையும் இணைத்துவிட்டேன். நான்கு ஜாக்கும் அழகாக இறங்கி ஊன்றிக்கொண்டன. தேவா வண்டிக்குள் கட்டிலில் படுத்திருந்தான். அக்காவும் நானும் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று உர்ரென்று ஒரு சத்தம், நான்கு ஜாக்கும் தானாக மேலே ஏறின. நான் ரிமோட்டைத் தொடவே இல்லை, அது மேசைமேல் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சீன அங்கிள் காரில் வந்துகொண்டிருக்கிறார். அவர் கேட் திறந்துகொண்டிருக்கிறது. அவர் வீட்டுக்கும் நான்தான் ஆட்டோகேட் போட்டேன். ஒரே மாதிரி ரிமோட், இரண்டுக்கும் நான் வைத்தது ஒரே எண்.

அங்கிள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, “ஐயோ, லோரி புன் அடா ஆட்டோகேட் கா?” என்று கேட்டார். லோரிக்குக்கூட ஆட்டோகேட் இருக்கிறதா என்கிறார். விளையாட்டாக இன்னொரு தடவை அழுத்தினார். கேட் மூடியது, ஜாக்குகள் இறங்கின. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

சிரிப்பு நின்றது தேவாவைப் பார்த்த பிறகு. மோட்டார் சத்தம் கேட்டு வண்டி அசைந்ததும் அவன் எழுந்து தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். பாட ஆரம்பித்திருந்தான். கிளம்புகிறோம் என்று முடிவு செய்துவிட்டான். அவனை இறக்க முடியவில்லை. அக்கா அப்படியே வண்டியை எடுத்துப் பந்திங் ரோடு வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

வந்ததும், “ரிமோட் வேணாம் தம்பி. யாரோ வீட்டுக் கேட் தொறந்தா என் பிள்ள கிளம்பக் கூடாது” என்றார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சுவிட்சு வைத்தேன். மேலே தள்ளினால் ஏறும், கீழே தள்ளினால் இறங்கும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஜாக்கு தரையில் இருக்கும்போது மறந்துபோய் வண்டியை எடுத்துவிட்டால் ஆபத்து என்பதால், நான்கும் ஏறாமல் எஞ்சின் கிளம்பாதபடி செய்யச் சொன்னார். “என் தம்பி அவசரக்காரன், பாத்துச் செய்யி” என்றார்.

ஆனால் தேவா அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டான் என்பதை அக்கா பிடித்துக்கொண்டார். அந்த உர்ர் சத்தம் கேட்டால் புறப்பாடு. சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்று பழக்கினார். சத்தம் கேட்டதும் அவனே செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும், அவனே தன் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் அக்காதான் அவன் காலடியில் குனிந்து செருப்பு மாட்டியவர். இனிமேல் யாரும் குனிய வேண்டியதில்லை. எத்தனை வாரம் ஆனதோ தெரியாது, நான் பார்க்கும்போது அவன் இடது வலது மாறாமல் போட்டுக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது. பரீட்சையில் பாஸான பிள்ளையின் தாய் மாதிரி இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை, இதை எழுதிவைத்துவிடுகிறேன். அக்காமேல் பாசம் உள்ளவர். வந்ததும் தேவாவின் தோளைத் தட்டி, “என்னடா ஹீரோ” என்றார். தேவா அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவர் மெல்ல நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்ததும் அக்கா அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். “அழுத்துடா. ஒரு வெரல் போதும்.” அவர் அழுத்தினார். உர்ரென்று நான்கும் இறங்கின. அவர் குதித்துப் பார்த்தார், வண்டி அசையவில்லை.

“செம லா பாஸ்!” என்று என் கையைக் குலுக்கினார். “ஆபீஸ் பசங்களோட கேமரன் மலைக்குப் போலாம் போல இருக்கே!”

“போ, போ. தேவாவையும் கூட்டிக்கிட்டுப் போ” என்றார் அக்கா. பிறகு ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி எப்படி நிரப்புவது, தேவாவின் மாற்று உடைகள் எந்த இழுப்பறை, ஒடித்த பிஸ்கட் எந்த டின்னில். “செருப்புகூட அவனே போட்டுக்குவான்டா. நீ ஓட்டினாப் போதும். உனக்கு ஒரு சிரமமும் இருக்காது.”

“பாக்கலாம்கா. கண்டிப்பா பாக்கலாம்.”

தம்பியின் மனைவி வண்டியின் படியில் நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். அவர்தான் மெதுவாகச் சொன்னார்: “அண்ணி, கஷ்டம் ஜாக்குல இல்ல.”

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. பயந்துபோய், உண்மையைச் சொல்கிறவர் குரலில் சொன்னார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. “வேற எதுலம்மா? சொல்லு. வேலை தெரிஞ்ச ஆளு இங்கதான் நிக்கிறாரு. அதையும் சரி பண்ணிடலாம்.”

நான் கீழே கிடந்த ஒரு வயர்த் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவா தன் இடத்தில் உட்கார்ந்து, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பதில் வரும் என்று நிஜமாகவே காத்திருந்தார். பிறகு, “சரி, பாயசம் ஆறுது” என்று இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. படியில் வெளிச்சம் போடச் சொன்னார். இருக்கையில் பெல்ட்டை இழுக்காமலே மாட்டுகிற மாதிரி மாற்றச் சொன்னார். ஒருநாள் என்னால் தாங்க முடியாமல், “போதும்கா” என்றேன். “இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு தெரியலையே தம்பி” என்றார். அவர் குரல் அப்போது மெலிந்துவிட்டிருந்தது. தோளெலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது.

மூத்தவள் பிறந்த மாதம்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினோம். சின்னதாக இருந்த விரல்களை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டார். அக்கா அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. சாவு வீட்டில் தேவா அழவில்லை. கூட்டத்தைத் தாண்டி அடிக்கடி வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாள் தம்பி குடும்பம் அந்த வீட்டிலேயே தங்கி அவனைப் பார்த்துக்கொண்டது. கத்தல் நம் வீடு வரைக்கும் கேட்கும். அப்புறம் ஒரு காலையில் தம்பி எனக்குப் போன் செய்தார்.

“பாஸ், அக்கா வண்டிய எடுக்கணும். அந்த ஜாக் சுவிட்சு, எப்படின்னு மறந்துட்டேன். கொஞ்சம் வரமுடியுமா?”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அக்கா சொன்னது நடந்துவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் கத்திச் சொன்னேன். தேவாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றேன். அம்மா அவசரமாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

போனபோது தேவா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். செருப்பு போட்டிருந்தான். தோளில் அவன் பை. அது மட்டும் என்றால் சரி, கட்டில்மேல் இன்னும் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. அவனுடைய தலையணையும் இருந்தது.

“எங்கண்ணே போறீங்க?”

“செலாயாங். நல்ல இல்லம் பாஸ். இவனை மாதிரி பெரியவங்களைப் பாத்துக்கறாங்க. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “காருல ஏறமாட்டேங்கறான். இந்த வண்டின்னா ஏறிடறான். நான் என்ன செய்யறது, சொல்லுங்க. என் வொய்ஃபுக்குத் தூக்கமே இல்ல. பிள்ளைங்களுக்குப் பரீட்சை. மாசாமாசம் போய்ப் பாப்பேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கூட வாருங்கள் என்றார், போனேன். உர்ரென்று நான்கு ஜாக்கும் ஏறின. ஃபெடரல் சாலை முழுக்கத் தேவா பாடிக்கொண்டு வந்தான். வெயில் அவன் மடியில் விழுந்து விழுந்து விலகியது. நாசி லெமாக்கை நான்தான் ஊட்டினேன்.

இல்லத்து வாசலில் நிறுத்தி ஜாக்குகளை இறக்கினோம். வண்டி அசைவதை நிறுத்தியது. வண்டி நின்று ஆடாமல் இருந்தால் வந்து சேர்ந்தாயிற்று, அதுதான் அவன் சட்டம். அவனே இறங்கினான். ஒரு பிடிவாதமும் இல்லை. இல்லத்தில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு அமைதியா வந்த ஆளை நான் பாத்ததே இல்ல. யாரு இப்படிப் பழக்கினது?” என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிகளை நான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். தேவாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார வைத்ததும் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். நாங்கள் வெளியே வந்தோம்.

தம்பி ஏறி உட்கார்ந்து சுவிட்சை மேலே தள்ளினார். உர்ரென்றது.

அரை நிமிடம்கூட இருக்காது. இல்லத்தின் கிரில் கதவுக்குப் பின்னால் தேவா நின்றான். செருப்பு போட்டிருந்தான். பை தோளில் இருந்தது. கிரில்லை ஆட்டவில்லை, கத்தவில்லை. யாராவது திறப்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா வந்து அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்தான்.

தம்பி சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார், ஜாக்குகள் பாதியிலேயே நின்றன. ஜாக்கு ஏறாமல் வண்டி கிளம்பாது. மறுபடி அழுத்தினால் அவன் மறுபடி வருவான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆட்டோகேட் போடுகிறவன் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்காமல் எதையும் மாட்டமாட்டான். ஒவ்வொரு மோட்டாரிலும் ஆணி மாதிரி ஒரு பின் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பழையபடி கையால் சுற்றலாம். சத்தம் வராது. இருக்கைக்கு அடியில் அக்காவின் கைப்பிடி அப்படியே இருந்தது. நான் இறங்கிக் குந்தி, பின்னைக் கழற்றி, முன் மூலையில் இருந்ததை மெதுவாகச் சுற்றி ஏற்றினேன். இரண்டாவது மூலைக்குப் போனபோது தம்பி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். மூன்றாவதைச் சுற்றி முடித்ததும் கையை நீட்டினார்.

“குடுங்க.”

“வேணாம்ணே. சட்டை அழுக்காயிடும்.”

“குடுங்க பாஸ்.”

குந்தினாலே போதும், அவர் வெள்ளைச் சட்டையோடு அப்படியே ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். அவருக்குச் சுற்றத் தெரியவில்லை. கைப்பிடி இரண்டு தடவை நழுவிக் கையில் அடித்தது. நான் எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். ஜாக்கு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி மேலே போய்ச் சேர்ந்தது. கைப்பிடி நின்றது. வண்டி ஸ்பிரிங்கின்மேல் லேசாக ஆடி நின்றது.

அவர் வெளியே வரவில்லை. கால் இரண்டும் வண்டிக்கு வெளியே நீட்டியபடி இருந்தன. பளபளவென்று பாலிஷ் போட்ட ஆபீஸ் ஷூ. அடியிலிருந்து அவர் விசும்புவது கேட்டது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.